மூன்று லென்ஸும் ஒரு பிளாஷும்

யோகத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் ஊர் நரசிம்மர் பதினோரு மாதம் கண்மூடித் தவமிருந்து கார்த்திகையில் மட்டும் கண் திறக்கிறார் என்பது சோளிங்கர்க்காரர்களின் நம்பிக்கை. அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டபாளையத்து அடிவாரம் ஜனத்தைக் கொள்ளாது. அரக்கோணம், திருத்தணி, சித்தூர், வாலாஜா என்று நாலு திக்கிலிருந்தும் வந்து இறங்குவார்கள். பாதிப் பேர் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். பெரிய மலைக்கு 1305 படி, ஆஞ்சநேயர் இருக்கிற சின்ன மலைக்கு 406 படி. தக்கான் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு ஏறி, தரிசனம் முடித்து இறங்கி வந்தபிறகு பலருக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கும். குடும்பத்தோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்காக மாமாவின் ஸ்டூடியோவில் ராத்திரி வெகுநேரம் வரைக்கும் விளக்கெரியும். சாமி கண் திறக்கிற மாதத்தில் மாமாவின் கேமராவும் கண்மூடாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரிடம் முதலில் இருந்தது யாஷிகா மேட் 124 ஜி. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண் வைத்த ஜப்பான் பெட்டி. இடுப்பளவில் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடியில் உலகம் இடம்வலம் மாறித் தெரியும். 120 ரோல், பன்னிரண்டு படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் உற்பத்தி செய்துவந்த இந்து ரோலோ, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோவோ, எது கிடைக்கிறதோ அதைப் போடுவார். அந்தப் பெட்டியில் லென்ஸைக் கழற்றி மாற்ற வழியில்லை. 80 எம்.எம். ஒன்றுதான். கல்யாணத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் பன்னிரண்டு படத்துக்கொரு முறை ரோல் மாற்றணும். ரோலை மாற்றுகிற நேரத்தில் அங்கே மாலையை மாற்றிவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் மூலமாக பென்டாக்ஸ் கே 1000 வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதி வரி கடுமை. துபாயோ சிங்கப்பூரோ போய்வருகிறவர்களின் பெட்டிக்குள் சட்டைத்துணி சுற்றி வருகிற பொருளாகத்தான் நல்ல கேமரா எங்கள் பக்கத்துக்கு வந்தது. கே 1000 ஜப்பானில் 1976இல் வெளியாகி 1997 வரைக்கும் விற்பனையில் இருந்தது. அத்தனை வருஷம் ஒரு கேமரா மாறாமல் நின்றதற்குக் காரணம் அதன் எளிமை. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். பேட்டரி வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான். அந்த மீட்டரை அணைக்கச் சுவிட்ச்கூடக் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டால் இருட்டில் முள் தூங்கிவிடும். "மூடியப் போடுடா, கண்ணு தூங்கட்டும்" என்பார் மாமா.

அதோடு கூடவே வந்தது 50 எம்.எம். லென்ஸ், எஃப் 2. இன்னொரு லென்ஸும் ஒரு நல்ல பிளாஷும் வாங்குகிற அளவுக்கு மட்டும் மாமா பணம் சேர்த்துவைத்திருந்தார். எந்த லென்ஸ் என்பதுதான் கேள்வி. அகலமாகக் காட்டும் வைடா, தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலியா? அந்த வயதில் எனக்கு டெலிதான் ஆசை. மலை உச்சிக் கோபுரத்தைக் குளத்தங்கரையில் நின்றபடியே கைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று கனவு. வேலூரிலிருந்து வந்துபோகும் படக்காரர் ஒருவர் ஜூம் வாங்கச் சொன்னார். ஒரே குழாயில் 70 முதல் 210 வரை எல்லாம் அடங்கிவிடும் என்றார். மாமா எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "லென்ஸு எதுன்னு அப்புறம் பாக்கலாம். நீ எங்க நிப்ப, அத மொதல்ல சொல்லு" என்றார்.

கேள்வியோடு நிறுத்தவில்லை. ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோத் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கல்யாண வீட்டில் மணமக்களை நடுவில் வைத்துப் பத்துப் பேர் நின்றால் பதின்மூன்றடி அகலம். 50 எம்.எம். லென்ஸில் அவ்வளவையும் அடக்க வேண்டுமானால் பதினெட்டடி பின்னால் போகணும். 28 எம்.எம். என்றால் பத்தடி போதும். சோளிங்கர்க் கல்யாண வீடுகளின் கூடம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். முற்றம், தூண், பத்தாயம், சுவரோரம் அடுக்கிய சீர்வரிசைப் பாத்திரம். பதினெட்டடி பின்னால் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். டெலியை வாங்கிவிட்டால் மாமாவுக்கு அந்த வீட்டில் நிற்கவே இடமிருக்காது. ஜூமை ஏன் வேண்டாமென்றார் என்பதையும் கண்ணை வைக்கச் சொல்லி விளக்கினார். வெளிச்சம் குறைந்த லென்ஸைப் போட்டால் வியூஃபைண்டர் நடுவில் ஃபோகஸுக்காக இருக்கும் பொடிக்கட்டம் கறுத்துப்போகும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எங்கே ஃபோகஸ் என்று கண்டுபிடிப்பதற்குள் தாலி ஏறிவிடும். ஆகவே 28, அதுவும் எஃப் 2.8.

அதை வாங்கத்தான் மெட்ராஸ் போனோம். சோளிங்கர் என்று பெயர் எழுதிய ரயில் நிலையம் ஊரில் இல்லை. தள்ளி, பாணாவரத்தில் இருக்கிறது. முதல் பஸ்ஸில் அங்கே போய் ரயிலேறினோம். மவுண்ட் ரோட்டில் ஜி.கே.வேல் கடைக் கண்ணாடிக்கு முன்னால் மாமா கோயிலில் நிற்பதுபோல நின்றார். புது லென்ஸ் விலை கைக்கு எட்டாது என்று அவருக்குத் தெரியும். பார்க்க மட்டும் வந்திருந்தார். அங்கிருந்து கடற்கரைப் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைக்கக் கொடுத்த இடத்தில் வளர்ந்த பர்மா பஜார். வரிசையாக நெருக்கிய கடைகளில் டேப் ரிக்கார்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே இரண்டாங்கை லென்ஸுகள் கிடந்தன.

மாமா ஒரு லென்ஸைச் சோதித்ததை இன்றைக்கும் என்னால் வரிசை தவறாமல் சொல்ல முடியும். முன்வளையத்தில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவுவார். நசுங்கியிருந்தால் கீழே விழுந்த சரக்கு. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்புவார். எங்கேயும் இறுகவோ தளரவோ கூடாது. அப்பர்ச்சரை எஃப் 22க்குக் கொண்டுபோய், பின்பக்கத்து நெம்புகோலை அசைத்து, இதழ்கள் சட்டென்று மூடித் திறக்கின்றனவா, எண்ணெய் கசிந்து ஒட்டுகின்றனவா என்று பார்ப்பார். பிறகு பைக்குள்ளிருந்து பென் டார்ச்சை எடுத்துப் பின்னாலிருந்து ஒளியடித்து, முன்னால் சாய்வாகக் கண்ணை வைப்பார். கண்ணாடிக்குள் சிலந்திநூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். கடைக்காரர் சலித்துக்கொள்வார். மாமா தலை நிமிரமாட்டார். பல கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு பென்டாக்ஸ் 28 அவர் மனதுக்குப் பிடித்தது. எங்கள் 50க்கும் அதற்கும் முன்வளையம் ஒரே அளவு, 49 எம்.எம். ஒரு மஞ்சள் ஃபில்டர், ஒரு மூடி, இரண்டுக்கும் பொது. இந்தப் பொருத்தத்தையும் அவர் முன்பே யோசித்துவைத்திருந்தார்.

பிளாஷ் தேர்வு இன்னும் கடினம். அதற்குமுன் அவரிடமிருந்தது கேமராவின் மேலே நேராக உட்கார்ந்து நேராக மட்டுமே அடிக்கிற சின்ன பிளாஷ். முகத்தில் மாவு அப்பினாற்போல வெளிச்சம், பின்சுவரில் கறுப்பு நிழல், கண்ணுக்குள் சிவப்பு. இந்த முறை விவிடார் 283 வாங்கினார். எழுபதுகளில் வந்து உலகம் முழுக்க ஸ்டூடியோக்காரர்களும் பத்திரிகைப் படக்காரர்களும் பழகிய பிளாஷ் அது. தலையை மேலே திருப்பலாம். முன்பக்கத்தில் ஒரு மின்கண். படத்துக்குத் தேவையான வெளிச்சம் திரும்பிவந்ததும் அது பிளாஷை வெட்டிவிடும். மஞ்சள், சிவப்பு, நீலம், ஊதா என்று நான்கு நிறத்தில் தூரத்துக்கேற்ற அமைப்பு. வெட்டிய பிறகு மிச்சமாகும் மின்சாரம் உள்ளேயே தங்குவதால் கிட்டத்து முகங்களை வேகவேகமாக எடுக்கலாம். முழு வலுவில் அடித்தால் நாலு பென் டார்ச் செல் மறுபடி அதை நிரப்பப் பத்து நொடி வரை ஆகும். 'சீ...' என்று மெலிதாக ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போய், பின்னால் ஆரஞ்சு விளக்கு எரியும். கெட்டிமேளம் கொட்டப்போகிற நேரத்தில் யாராவது அத்தை "எங்களயும் ஒண்ணு எடுப்பா" என்று முன்னால் வந்து நின்றால் மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "தாலி ஏறட்டும்கா" என்பார். அந்தப் பத்து நொடியை அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார்.

ஆனாலும் மின்கண்ணை அவர் முழுதாக நம்பியதில்லை. ஜரிகைச் சேலையோ வெள்ளை வேட்டியோ எதிரே இருந்தால் அது ஏமாந்து சீக்கிரமே வெட்டிவிடும், முகம் கறுத்துப்போகும். அதனால் முக்கியமான படங்களுக்கு கைடு நம்பர்தான். அந்த பிளாஷுக்கு நூறு ஏ.எஸ்.ஏ. ரோலில் அடிக்கணக்கில் 120. அதை தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். பதினைந்தடி என்றால் எஃப் 8, முப்பதடி என்றால் எஃப் 4. மாமாவின் ஒரு நடை இரண்டரை அடி. ஆறு நடை நடந்து திரும்பினால் எஃப் 8. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரியே பந்தலுக்குப் போய் மணவறையிலிருந்து நடந்து அளந்து, தான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பூவைக் கிள்ளிப் போட்டுவைப்பார். வெட்டவெளியில் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, கூடத் திறப்பார். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் வெளிச்சம் திரும்பிவராமல் ஓடிப்போகும் என்பது அவர் அனுபவத்தில் கற்றது.

தலையை மேலே திருப்பிக் கூரையில் அடித்து வெளிச்சத்தைக் கீழே இறக்கும் வித்தைக்குப் பெயர் பவுன்ஸ். அதற்குத் தாழ்ந்த வெள்ளைக் கூரை வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் கீற்றுப் பந்தலில், மீதி ஓட்டு வீட்டில். கீற்று வெளிச்சத்தைக் குடித்துவிடும். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஷாமியானாவில் அடித்தால் கலர் ரோலில் எல்லா முகமும் காவி பூசினாற்போல வரும். மாமா அதற்கொரு வழி வைத்திருந்தார். சலவை செய்த எட்டு முழ வேட்டியைப் பையில் எடுத்துவருவார். இரண்டு பையன்களை மேசைமேல் ஏற்றி, வேட்டியின் நாலு முனையையும் மேலே விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் அடிப்பார். அந்த இரண்டு பேரில் ஒருவன் எப்போதும் நான்தான். மணப்பெண்ணின் முகத்தில் நிழலே தெரியாமல் இறங்கிய அந்த வெளிச்சத்துக்குக் கை வலித்தபடி நின்றிருக்கிறேன். 28 எம்.எம். போட்டால் பிளாஷ் வெளிச்சம் படத்தின் மூலைகளுக்கு எட்டாது என்பதால் நேராக அடிக்கும்போது பிளாஷ் முகத்தில் டிரேசிங் பேப்பரை ரப்பர் பேண்டால் கட்டுவார். அதற்கும் ஒரு ஸ்டாப் திறப்பார்.

பழைய யாஷிகாவை அவர் ஏன் விற்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கே 1000இன் ஷட்டர் துணித்திரை வகை. நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் வேகம் வைத்து பிளாஷ் அடித்தால் திரை பாதி மூடியிருக்கும். படத்தில் ஒரு பட்டை கறுப்பாகும். உச்சிவெயிலில் கோயில் வாசலில் நிற்கிற குடும்பத்தின் கண்குழி நிழலைப் போக்க பிளாஷ் வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் வெயிலுக்கு எஃப் 22 வைக்கணும். எஃப் 22இல் அந்த பிளாஷ் ஐந்தரை அடிதான் எட்டும். யாஷிகாவின் ஷட்டரோ லென்ஸுக்குள்ளேயே இதழ்போல விரிந்து மூடுவது. ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்திலும் பிளாஷோடு ஒத்துப்போகும். எஃப் 8 போதும், பதினைந்தடி எட்டும். அதனால் பகல் குரூப் போட்டோவுக்கு யாஷிகா, ராத்திரி ஊர்வலத்துக்கு பென்டாக்ஸ். புதியது வந்ததும் பழையதை ஒதுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேளை உண்டு என்பார்.

ராத்திரி ஊர்வலம் என்றதும் கருட சேவை நினைவுக்கு வருகிறது. தீவட்டி எரிய, எண்ணெய்ப் புகை கவிய, பெருமாள் வீதியில் வரும்போது வெளியூர்ப் படக்காரர்கள் பளிச் பளிச்சென்று அடிப்பார்கள். அவர்கள் படத்தில் சாமி தெரியும், நகை தெரியும். பின்னால் கன்னங்கரிய வெற்றிடம். மாமா ஷட்டரை நொடியில் எட்டில் ஒரு பங்குக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளாஷைக் குறைத்து அடிப்பார். தீவட்டியின் சுடர் கொஞ்சம் இழுபட்டு நிற்கும். அதன் மஞ்சள் வெளிச்சத்தில் தோள் கொடுப்பவர்களின் கழுத்து வியர்வை மின்னும். வீட்டுத் திண்ணைகளில் கை கூப்பியவர்கள் மங்கலாகத் தெரிவார்கள். ராத்திரியை ராத்திரியாகவே விட்டுவைத்த படங்கள் அவை. பிளாஷ் எவ்வளவு வலுவானது என்று அவர் பெருமைப்பட்டுக் கேட்டதில்லை. எந்த அளவுக்கு அதை அடக்கலாம் என்பதுதான் அவருடைய விசாரணை.

மூன்றாவது லென்ஸ் ஆம்பூர் வழியாக வந்தது. தோல் வியாபாரமாக வெளிநாடு போய்வருகிற குடும்பத்தில் ஒரு கல்யாணப் படம் நன்றாக அமைந்துவிட, அந்த வீட்டுப் பெரியவர் அடுத்த பயணத்தில் மாமாவுக்காக ஒரு 135 எம்.எம்., எஃப் 3.5 வாங்கிவந்தார். அதற்கும் முன்வளையம் 49. மாமா அதற்கான பணத்தைத் தவணையாகக் கொடுத்தார். பெரியவர் வேண்டாமென்றும் விடவில்லை. அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு மாமா முதலில் போனது மலைக்குத்தான். நான் எதிர்பார்த்ததுபோலக் கோபுரத்தை எடுக்கவில்லை. படியோரம் உட்கார்ந்து, தூரத்தில் ஏறிவருகிறவர்களின் முகத்தை எடுத்தார். கிட்டே போனால் அவர்கள் சிரிப்பார்கள், முந்தானையைச் சரிசெய்வார்கள், நின்றுவிடுவார்கள். இருபதடி தள்ளி இருந்தால் ஆயிரத்துச் சொச்சம் படியின் களைப்பும் பக்தியும் அப்படியே முகத்தில் இருக்கும். பேய் பிடித்ததென்று சின்ன மலைக்குக் கூட்டிவந்தவர்களை மட்டும் அவர் எடுக்கமாட்டார். எவ்வளவு தூரத்திலிருந்தாலும் அது கிட்டப்போவதுதான் என்று லென்ஸை மூடிவிடுவார்.

இந்தத் தோல் சீமையில் இருந்துகொண்டு லென்ஸைத் தோல் உறைக்குள் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவரும் அவர்தான். ராணிப்பேட்டையில் உறை தைத்துக் கொடுக்கிறவர் ஒருவர் கே 1000க்கு அழகான உறை செய்துகொடுத்தார். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், வாசனையே தனி. வெளியே போகும்போது கேமராவுக்கு அதுதான் சட்டை. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் இருட்டும் சேர்ந்தால் கண்ணாடியில் பூஞ்சை பூக்கும். லென்ஸுகள் தூங்கியது பிஸ்கட் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. அந்தப் பொட்டலங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெட்டிக்குள் போடுபவை. வேலைக்குப் போகிற பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் அத்தை அவற்றை வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்குவார்.

இத்தனை லென்ஸும் பிளாஷும் இருந்தும், மாமா எடுத்தவற்றில் எனக்கு மறக்காத படங்கள் பழைய 50இல் பிளாஷே இல்லாமல் எடுத்தவை. வயதானவர்கள் தனியாக வருவார்கள். கிராமத்திலிருந்து பஸ் ஏறி, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு. "ஒரு படம் வேணும்பா. நாளைக்கு மாட்டறதுக்கு" என்பார்கள். மாட்டுவது என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். வாழ்நாளில் அவர்களுக்கு அது ஒரே படமாக இருக்கும். வரைந்த திரை தொங்கும் அறைக்குள் அவர்களை உட்காரவைக்கமாட்டார். வடக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, எஃப் 2க்கு லென்ஸைத் திறந்து, ஐந்தடியில் குந்தி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுவார். மழை பெய்ததா, பேரன் எங்கே இருக்கிறான், கிணற்றில் தண்ணி எவ்வளவு. முகம் தானாகத் தளர்கிற கணத்தில் ஷட்டர் விழும். பிளாஷ் ஏன் வேண்டாம் என்று ஒருமுறை கேட்டேன். "வெள்ளெழுத்தும் புரையும் விழுந்த கண்ணுடா. கூசும். கூசின மூஞ்சியவா அவங்க புள்ளைங்க வருஷா வருஷம் கும்புடணும்?" என்றார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாலை போட்டு மாட்டிய அப்படிப்பட்ட எத்தனையோ படங்களை இன்னும் பார்க்கிறேன். அந்தக் கண்களில் ஜன்னல் ஒன்று சின்னதாக வெள்ளையாக நிற்கும். அது மாமாவின் ஜன்னல்.

பின்னாளில் மா. கிருஷ்ணனைப் பற்றிப் படித்தபோது எனக்கு மாமாவின் நினைவு வந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறையும்வரை காட்டையும் பறவையையும் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். நடந்தும் யானைமேல் அமர்ந்தும் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். கடையில் கிடைத்த கேமரா எதுவும் அவர் வேலைக்குப் பொருந்தாததால் ஒன்றின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் இணைத்துத் தாமே ஒரு பெருங்கேமராவை உருவாக்கி, அதற்கு சூப்பர் பாண்டிரோசா என்று பெயரும் வைத்தார். அவருக்கும் என் மாமாவுக்கும் படிப்பிலும் புகழிலும் எட்டாத தூரம். ஆனால் தான் நிற்கப்போகிற இடத்தை முதலில் அறிந்து, அதற்கேற்ற கருவியைத் தேடிய ஒழுங்கு இருவருக்கும் ஒன்றுதான். யானைக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது உயிர்ப் பிரச்சினை. பாட்டிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதும் மாமாவுக்கு அதே கனமுள்ள கேள்வியாக இருந்தது.

எல்லாம் போய்விட்டது. தொண்ணூறுகளில் வேலூரில் கலர் லேப்கள் வந்தன. இருட்டறையின் சிவப்பு விளக்கு அணைந்தது. அதன்பின் டிஜிட்டல். ஊட்டி ஆலை நலிந்து மூடியது. உலகத்துக்கே ரோல் விற்ற கோடாக் நிறுவனம் 2012இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. மாமாவின் ஸ்டூடியோ ஜெராக்ஸ் கடையானது, பிறகு செல்போன் கடையானது. மாமா போன பிறகு, பரணிலிருந்த நெகட்டிவ்களை எடைக்கு எடுத்துப்போக ஆள் வந்தது. பழைய நெகட்டிவிலும் படம் கழுவப் பயன்படுத்திய ஹைப்போக் கரைசலிலும் வெள்ளி இருக்கிறது, எரித்துப் பிரித்தெடுப்பார்கள். அவர் இருந்த நாளில் தீர்ந்த ஹைப்போவை மட்டும் விற்பார், நெகட்டிவைத் தொடவிடமாட்டார். அத்தைக்குப் பணமுடை, யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. தங்கள் ஒரே படத்துக்காக பஸ் ஏறி வந்த அத்தனை பேரின் முகங்களும் ஏதோ ஒரு பட்டறையில் துளித்துளி வெள்ளியாகிப் போயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஓர் ஊரின் முகங்களுக்கு அதைவிடப் பெரிய சேமிப்பு எங்களிடம் இருந்ததில்லை.

2024இல் மலைக்கு ரோப் கார் வந்துவிட்டது. படியேற முடியாத முதியவர்களும் நோயாளிகளும் இன்று சாமியைப் பார்க்கிறார்கள், மனதார மகிழ்கிறேன். மேலே போகிறவர்கள் கையிலுள்ள செல்போனில் வைடு, நார்மல், டெலி என்று மூன்று கண்களும் பக்கத்தில் ஒரு வெளிச்சமும் இருக்கின்றன. மாமா பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த அதே மூன்று லென்ஸும் ஒரு பிளாஷும். எல்லோருக்கும் கிடைத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஒரே படத்துக்காக பஸ் ஏறி வந்த பாட்டிகளின் பேத்திகள் இன்று நினைத்தபோது தங்களை எடுத்துக்கொள்கிறார்கள். நான் இழந்ததாக உணர்வது, எடுப்பதற்கு முன்னால் இருந்த அந்த நடையை. இரண்டு விரலை விரித்தால் முகம் கிட்டே வந்துவிடுகிறது. ஐந்தடியில் குந்தி உட்கார்ந்து கிணற்றுத் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

இப்போது பிலிம் கேமராமீது ஆசை திரும்பியிருக்கிறது. பென்டாக்ஸ் நிறுவனமே 2024இல் கையால் ரோல் நகர்த்துகிற புதுக் கேமரா ஒன்றை வெளியிட்டது. தாத்தாவின் அலமாரியிலிருந்து கே 1000ஐயும் அதுபோன்ற பழைய கேமராக்களையும் எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் எந்த லென்ஸ், எந்த பிளாஷ் என்று என்னிடம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய பிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டாதே. அவற்றில் சிலது இருநூறு வோல்ட்டுக்கு மேல் திருப்பியடித்துக் கேமராவைக் கருக்கிவிடும். வாங்குமுன் டார்ச் அடித்துப் பூஞ்சை பார். முன்வளையம் ஒரே அளவாக இருக்கும்படி சேர்த்தால் செலவு மிச்சம். 28ஐ எஃப் 8இல் வைத்துப் பத்தடிக்குச் சற்று மேலே ஃபோகஸை நிறுத்தினால் ஏறத்தாழ ஆறடியிலிருந்து மலை வரைக்கும் தெளிவாக இருக்கும்; பிறகு கண்ணை முகத்தில் வைத்தால் போதும். உன் நடை எத்தனை அடி என்று அளந்து வைத்துக்கொள். வாங்குவதற்கு முன்னால் ஒரு ரோல் முழுவதையும் இருக்கிற 50இல் மட்டும் எடு. எந்தப் படத்துக்கு முன்னால் போக ஆசைப்பட்டாய், எதற்குப் பின்னால் போக இடமில்லாமல் தவித்தாய் என்று எழுதிவை. அந்தக் குறிப்பே எந்த லென்ஸ் என்று சொல்லிவிடும்.

அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். உன் வீட்டுப் பெரியவர்களை முதலில் எடு. பிளாஷ் வேண்டாம், ஜன்னல் போதும். கிட்டே உட்கார்ந்து பேசிக்கொண்டே எடு. நெகட்டிவை எடைக்குப் போடாதே. மாமாவிடம் நான் கற்ற தொழிலில் இன்னும் உயிரோடிருப்பது இவ்வளவுதான். கேட்கிற பிள்ளைகளிடம் இதைக் கைமாற்றிக் கொடுக்கிற வரைக்கும் அவருடைய ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டதாக நான் எண்ணமாட்டேன்.